பழசை வைத்தால்தான் புதுசு

அத்தியாயம் 9

ஓய்வுபெற்ற பல் டாக்டர் காலை எட்டு மணிக்குப் போன் செய்து, "மறுபடியும் காணோம்" என்று சொன்னதுமே நான் பழைய ரிப்போர்ட்டைத் தேடி எடுத்தேன்.

காணாமல் போனது என்னவோ கட்டைவிரல் அளவு சாமான்தான். ரோட்டர் என்பார்கள். அவருடைய நாற்பது வயது சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சினில், ஒரு சின்ன மூடிக்கு அடியில் சுற்றிக்கொண்டிருக்கும். அது இல்லாவிட்டால் பிளக்குக்குக் கரண்ட் போகாது. வண்டி இருமக்கூட இருமாது. அந்த மாடலைச் செய்த கம்பெனியையே மூடிப் பல வருஷம் ஆகிவிட்டதால், இன்னொன்று கிடைப்பது குதிரைக் கொம்பு.

ரிப்போர்ட்டைத் தேடிய காரணம் வேறு. மூன்று மாதத்துக்கு முன்னால் இதே ரோட்டர் மூன்றாவது முறையாகத் தொலைந்தபோது, திருடனைக் கண்டுபிடித்துக் கொடுத்ததே நாங்கள்தான். பன்னிரண்டு வருஷமாக அந்த வண்டியைப் பார்த்துக்கொண்ட மெக்கானிக். ஷெட் சாவி அவரிடம் இருந்தது. அவருடைய ஒர்க்‌ஷாப் இழுப்பறையில் அதே மாதிரி ரோட்டர் ஒன்று இருந்தது. கேட்டால் வாயைத் திறக்கவில்லை. இதற்கு மேல் என்ன வேண்டும்? மேடம் ரிப்போர்ட்டைச் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். கடைசியில் என் சொந்தச் சரக்காக ஒரு வரியைச் சேர்த்தேன்: 'இவர் கை வண்டிக்குள் போனால், வெளியே தனியாக வராது.'

பழைய கார் கிளப்பில் டாக்டர் அந்த ரிப்போர்ட்டை உரக்கப் படித்தாராம். அந்த வரிக்குத்தான் அதிகம் கைதட்டினார்களாம். ஒரே வாரத்தில் பதினெட்டுப் பேர் தங்கள் வண்டியை மெக்கானிக் ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த மாதக் கடைசியில் அவர் ஷட்டரை இழுத்துப் பூட்டினார். நானோ, அந்த வரி என்னுடையது என்று பார்த்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேன்.

"பூட்டை மாத்தியாச்சு, மெக்கானிக்கைத் துரத்தியாச்சு. இப்ப யாரு மேடம் எடுத்தது? பேயா?" என்று கேட்டேன்.

மேடம் கைவிளக்கை எடுத்துப் பையில் போட்டார். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபது வருஷம் பொய் கேட்டே சலித்துப் போய், சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் போட்டவர். எனக்கு அவர் வைத்த பெயர் வாயாடி.

"பேயா இருந்தா நல்லது, வாயாடி," என்றார். "இல்லேன்னா ஒரு மனுஷன் பொழப்புல நாம மண்ணை அள்ளிப் போட்டிருக்கோம். கிளம்பு."

* * *

டாக்டர் வீட்டு ஷெட்டில் மெழுகும் பெட்ரோலும் கலந்த வாசனை. மேடம் காரின் பானெட்டைத் தூக்கி, கைவிளக்கை உள்ளே காட்டினார்.

"பாரு. மூடியைத் திறந்து, ரோட்டரை எடுத்து, கிளிப்பை மறுபடி மாட்டி, கைபட்ட இடத்தைத் துடைச்சும் வெச்சிருக்கு."

"மரியாதை தெரிஞ்ச திருடன்."

"மர ஸ்டியரிங்கைத் தொடல. வீல் கப்பைத் தொடல. அதுக்கெல்லாம் இதைவிடப் பத்து மடங்கு விலை. பிரேக்ல கை வைக்கல, டயர்ல காத்தைக்கூட இறக்கல. நாலு தடவையும் இதே ஒண்ணுதான்."

"பாவம், விலை தெரியாதவன்."

"அவனுக்கு விலை எதுக்கு? வண்டி ஓடக் கூடாது, ஆனா வண்டிக்கு ஒண்ணும் ஆகிடவும் கூடாது. அவ்வளவுதான் வேணும்."

சொல்லிவிட்டு வாசல் கேட்டுக்குப் போனார். இடது பக்கத் தூணில் சிவப்புப் பெயின்ட் கோடுகள் இருந்தன. அவற்றை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். அவர் முகம் மாறியது. என்னவென்று கேட்பதற்குள் டாக்டர் பிளாஸ்க்கோடு வந்துவிட்டார்.

இஸ்திரி கலையாத சட்டை, நிமிர்ந்த முதுகு. கப்பின் விளிம்புக்குள் ஆள்காட்டி விரலை வைத்துக்கொண்டு டீயை ஊற்றினார். டீ விரலைத் தொட்டதும் நிறுத்தினார். டாக்டர் டீக்கும் ஜுரம் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஞாயித்துக்கிழமை என் பேத்தி வர்றா. ஆறு வயசு. இந்த வண்டியில ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போறேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன். திருடனை அப்புறம் பிடிச்சுக்கலாம், எனக்கு முதல்ல ரோட்டர் வேணும்."

"திருடன்தான் மூணு மாசம் முன்னாடியே மாட்டிட்டானே டாக்டர்?" என்றார் மேடம்.

"கூட்டாளி எவனாவது இருப்பான்," என்றார் அவர், எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த சுவரைப் பார்த்து.

சமையலறை ஜன்னலில் அவர் மனைவி நின்றிருந்தார். நான் கும்பிட்டதும் திரைச்சீலையை இழுத்துவிட்டார்.

* * *

பழைய கார்களின் ஸ்பேர் பார்ட்ஸ் விற்பவரை ஊரே டப்பாக்காரர் என்றுதான் சொல்லும். கடை முழுக்க, தரையிலிருந்து கூரை வரை பிஸ்கட் டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சாமான். மேஜைக்கு மேலே ஒரு அட்டை தொங்கியது: 'பழசை வைத்தால்தான் புதுசு.'

"பழைய ரோட்டரை எடுத்து மேஜை மேல வைங்க," என்றார், நாங்கள் உட்காருவதற்குள்.

"அது திருடு போயிடுச்சுங்க," என்றேன்.

"வர்றவங்க எல்லாருமே அதைத்தான் சொல்றாங்க. வாங்கிப் பதுக்கி வெச்சு ஏலம் விடறவங்களுக்கு நான் கொடுக்கறதில்ல தம்பி. வண்டி வெச்சிருக்கிறவன்கிட்டதான் தேஞ்சுபோன பழசு இருக்கும். அதைக் கொடுத்துட்டுப் புதுசை வாங்கிட்டுப் போகட்டும்."

"உங்க கடையில பொண்ணு எடுத்தாக்கூட பழைய பொண்டாட்டியைக் கேப்பீங்க போல."

"வாயாடி," என்று அதட்டிவிட்டு மேடம் கேட்டார்: "பழசு இருந்தா, புதுசு இருக்கா?"

"இல்லம்மா. கடைசி ஒண்ணு போன வாரம்தான் போச்சு."

"அப்போ அதுக்குப் பதிலா வந்த பழசு இங்கதானே இருக்கணும்?"

டப்பாக்காரர் மேடத்தை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு டப்பாவை இறக்கிக் கவிழ்த்தார். ஒரே ஒரு ரோட்டர் உருண்டு வந்தது. அதன் பக்கவாட்டில் அரத்தால் இழுத்த மூன்று சின்னக் கோடுகள்.

"இந்தக் கோடு என்ன?"

"அது அந்த மெக்கானிக்கோட அடையாளம். பாவம், கடையை மூடிட்டுப் போனாரே, அவரு. ஒரு வண்டியில முதல் தடவை ரோட்டர் மாத்தினா ஒரு கோடு, ரெண்டாவது தடவை ரெண்டு. இது மூணாவது தடவை போட்டது."

நான் குனிந்து கோடுகளை மறுபடி எண்ணினேன். திருட்டுக்கு முன்பே தேய்ந்ததற்காக ஒரு முறை, பிறகு தொலைந்ததற்காக இரண்டு முறை என்று டாக்டர் வண்டியில் அவர் மூன்றாவதாகப் போட்டு, மூன்று மாதத்துக்கு முன் காணாமல் போன அதே ரோட்டர். அதைத்தான் அவர் இழுப்பறையிலிருந்து மீட்டதாக எழுதியிருந்தோம்.

"மேடம், அன்னைக்கு இழுப்பறையில எடுத்ததுல கோடு இருந்துச்சா?"

"இல்ல. வழவழன்னு புதுசா இருந்துச்சு. நான்தான் டாக்டர் கையில கொடுத்தேன். தடவிப் பார்த்துட்டு, 'என்னுதேதான்'னார். அதையே மாட்டிக்கிட்டும் போனார்." மேடம் அந்தப் பழைய ரோட்டரைக் கையில் எடுத்தார். "இதைக் கொண்டு வந்தது யாருங்க?"

"ஒரு அம்மா. அறுபது வயசு இருக்கும். மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள்ள வெச்சுக் கொண்டு வந்தாங்க. என்ன வண்டின்னு கேட்டேன். 'சிவப்பு வண்டி'ன்னாங்க! ஆனா பார்ட் நம்பரை மட்டும் கரெக்டா சொன்னாங்க. இதோ, இதைப் பார்த்துத்தான் படிச்சாங்க."

மேஜை ஓரத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டியிருந்தது. அதில் பென்சிலால் ஒரு எண். ஏழுக்குக் குறுக்கே ஒரு கோடு. மெக்கானிக்கின் ஒர்க்‌ஷாப்பில் ஒவ்வொரு இழுப்பறை மேலும் ஒட்டியிருந்த அதே எழுத்து. நானே உட்கார்ந்து பட்டியல் எடுத்திருக்கிறேன், மறக்குமா?

"மேடம்! அவரேதான்! அந்த அம்மாவும் அவரும் கூட்டு. நாம தப்புப் பண்ணல மேடம், நாம தப்பே பண்ணல!"

காலையிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது சட்டென்று இறங்கியது. ஒரு மனிதன் திருடனாகவே இருந்து தொலைக்கட்டும் என்று அந்த நிமிஷம் அவ்வளவு ஆசைப்பட்டேன். இதை எழுதும்போதும் கூசுகிறது.

* * *

டப்பாக்காரர் வழி சொன்ன வாட்டர் வாஷ் நிலையத்தில் நீல யூனிஃபார்ம் போட்ட நாலு பேர் இருந்தார்கள். அதில் ஒருவர் எங்கள் மெக்கானிக். ரப்பர் பூட்ஸோடு குனிந்து, ஒரு வேனின் அடிப்பக்கத்தில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தார்.

"வாங்க. கஸ்டமர் காத்திருக்கார், இதை முடிச்சிட்டு வந்துடறேன்."

"திருடன்னா ஓடணும். இவரு நம்மளை உக்காரச் சொல்றாரே," என்று மேடத்தின் காதில் கிசுகிசுத்தேன்.

அவர் வந்ததும், டப்பாக்காரரிடம் ரோட்டரோடு கேட்டு வாங்கி வந்த டேப் துண்டை மேடம் நீட்டினார்.

"உங்க எழுத்துதானே?"

"ஆமா."

"டாக்டருக்குக் கண்ணு தெரியல. அதானே?"

மெக்கானிக் கையுறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். வாய் பிளந்து நின்றது நான்தான்.

"எப்படி மேடம்?"

"டீ ஊத்தும்போது கப்புக்குள்ள விரலை வெச்சாரே, எதுக்கு? எவ்வளவு நிரம்பியிருக்குன்னு விரல்தான் சொல்லணும். கேட்டுல இடது தூண்ல மட்டும் ஆறு இடத்துல வண்டி உரசியிருக்கு." மேடத்தின் குரல் இறங்கியது. "அந்தத் தூணை மூணு மாசம் முன்னாடியே பார்த்தேன். மெக்கானிக் அஜாக்கிரதையா ஓட்டியிருக்கார்னு நோட்டுல எழுதிக்கிட்டேன்."

மெக்கானிக் ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இடது கண்ணு சுத்தமா போயிடுச்சு. வலதுல மங்கலா உருவம் மட்டும் தெரியும். வருஷம் ஒண்ணு ஆச்சு. ஒரு நாள் சைக்கிள்ல போன பெரியவர் மேல ஏத்தப் பார்த்துட்டார். அவர் சாக்கடையில குதிச்சுத் தப்பிச்சார். பக்கத்துல இருந்த அம்மா அலறியிருக்காங்க. 'எதுக்குக் கத்தறே?'ன்னாராம் டாக்டர். சைக்கிளையே அவர் பாக்கல. மறுநாள் அம்மா என்கிட்ட வந்து, 'தம்பி, இந்த வண்டியை எப்படியாவது கெடுத்துடு'ன்னு அழுதாங்க. பன்னெண்டு வருஷம் பார்த்த வண்டி, எனக்குக் கை வரல. 'கெடுக்க வேணாம்மா, இந்த ஒண்ணை மட்டும் கழட்டி ஒளிச்சு வெச்சுக்கோங்க'ன்னு காட்டிக் கொடுத்தேன்."

"அவரு தேடிப் பிடிச்சு வாங்கிட்டு வருவார்..." என்றார் மேடம்.

"நான் மாட்டுவேன். அம்மா கழட்டுவாங்க." அவர் லேசாகச் சிரித்தார். "சொல்லிடறேன், சொல்லிடறேன்னாங்க. அவங்களால முடியல."

"நாங்க கேட்டப்ப நீங்களாவது சொல்லியிருக்கலாமே!" என்றேன். என் குரல் எனக்கே கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

"யாரு எடுத்தான்னு நீங்க கேக்கலையே தம்பி. எங்க வித்தேன்னுதானே கேட்டீங்க. இழுப்பறையில இருந்தது நான் அவசரத்துக்குன்னு வாங்கி வெச்ச புதுசு. அம்மா ஒரு வாரம் டைம் கேட்டாங்க. அதுக்குள்ள ரிப்போர்ட் வந்துருச்சு. அதுக்கப்புறம் நான் வாயைத் திறந்தா, தப்பிக்கறதுக்கு ஒரு வயசான அம்மா மேல பழி போடறேன்னுதானே சொல்வாங்க?"

"இவ்வளவு நடந்த பிறகும் போன வாரம் நம்பர் எழுதிக் கொடுத்திருக்கீங்களே," என்றார் மேடம்.

"கடைசி ஒண்ணு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். அதை டாக்டர் வாங்கிட்டார்னா? ஞாயித்துக்கிழமை அந்த சீட்டுல ஒரு குழந்தை உக்காரப் போகுதாமே."

அடுத்த கார் வந்து ஹாரன் அடித்தது. அவர் எழுந்து போய்விட்டார். நான் அவர் உட்கார்ந்திருந்த பக்கெட்டை நிமிர்த்தி வைத்தேன்.

* * *

டாக்டர் வீட்டு ஹாலில் மேடம் நின்றபடியே பேசினார். டாக்டர் நாற்காலியில், அவர் மனைவி வாசல் நிலையில் சாய்ந்தபடி.

"ரோட்டர் கிடைச்சிருச்சு டாக்டர்," என்று அவர் உள்ளங்கையில் வைத்தார் மேடம்.

டாக்டரின் கட்டைவிரல் அதன் பக்கவாட்டில் ஒரு தடவை ஓடியது. முகம் மலர்ந்தது. "இதுதான்! மூணு கோடு. இதான் என்னோடது. எங்கே கிடைச்சது?"

"மூணு மாசம் முன்னாடி நான் ஒண்ணு கொடுத்தேனே, அதுல எத்தனை கோடு இருந்துச்சு?"

கட்டைவிரல் நின்றுவிட்டது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தொட்ட மாத்திரத்தில் மூன்று கோட்டைச் சொல்கிற விரலுக்கு, அன்றைக்கு வழவழவென்று இருந்தது தெரியாமல் போயிருக்காது. தன்னுடையது இல்லை என்று தெரிந்தே 'என்னுதேதான்' என்று சொல்லியிருக்கிறார். அந்த ஒரு சொல்லின் மேல்தான் எங்கள் ரிப்போர்ட் முழுவதும் நின்றது.

"என்னங்க?" என்றார் அவர் மனைவி. "உங்களுக்குத் தெரியுமா?"

"முதல் தடவையே தெரியும்," என்றார் டாக்டர். "பானெட்டைத் திறந்தா உன் பவுடர் வாசனை. நீதான்னு ஒத்துக்கிட்டா, ஏன் எடுத்தேன்னு கேக்கணும். கேட்டா நீ பதில் சொல்லிடுவே. அதைக் கேக்கற தைரியம் எனக்கு இல்லம்மா. அவன் மேல பழி விழுந்தப்ப, விழட்டும்னு விட்டுட்டேன்."

அந்த அம்மா உள்ளே போய் நான்கு மூக்குக்கண்ணாடிக் கூடுகளைக் கொண்டு வந்து மேஜை மேல் வைத்தார். அத்தனையிலும் ரோட்டர்கள்.

"உங்களை மட்டும் சொல்லி என்ன? எனக்காகத்தான் அந்தத் தம்பி வாயை மூடிக்கிட்டிருந்துச்சு. அது வீட்டுல அடுப்பு எரியுதான்னுகூட நான் ஒரு நாள் போய்ப் பாக்கலைங்க. பாக்கப் போனா முகத்துல முழிக்கணுமேன்னு பயம்." கண்ணைத் துடைத்துக்கொண்டு, வீட்டு உபயோகத்துக்கு வைத்திருந்த சாதாரணக் காரின் சாவியை ஆணியிலிருந்து எடுத்தார். "எந்திரிங்க. நான் ஓட்டறேன்."

* * *

மதியம் மூன்று மணிக்கு வாட்டர் வாஷ் நிலையத்தில் ஈரமும் வெயிலும் கண்ணைக் கூசவைத்தன. மனைவி கையைப் பிடிப்பதற்குள் டாக்டர் காரிலிருந்து இறங்கி வேகமாக நடந்தார். நீல யூனிஃபார்ம் தெரிந்த திசையில் போய், எதிரே நின்ற ஆளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"என்னை மன்னிச்சிடுப்பா. நீ எடுக்கலைன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். தெரிஞ்சேதான் உன்னைத் திருடன்னு சொன்னேன். எனக்குக் கண்ணு போச்சுங்கறதை மறைக்க உன்னைக் காவு கொடுத்துட்டேன்."

அந்த ஆள் திருதிருவென்று விழித்தான். அவன் வேறு யாரோ. மெக்கானிக் நாலடி தள்ளி, கையில் ஹோஸ் பைப்போடு நின்றிருந்தார். தண்ணீரை நிறுத்தினார்.

"டாக்டர்," என்றார் மெக்கானிக். "நான் இந்தப் பக்கம் நிக்கிறேன்."

டாக்டரின் கைகள் தொங்கின. குரல் வந்த பக்கம் திரும்பினார். மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். இந்த முறை வார்த்தை சரியாக வரவில்லை. மெக்கானிக் அருகில் வந்து, வழுக்கும் தரையில் அவர் விழுந்துவிடாமல் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"கேட்டுச்சு டாக்டர். கோபம் தீர்ந்துருச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன். கிளப்புல அந்தப் பதினெட்டுப் பேர் முன்னாடி சொல்லுங்க. நானும் வந்து உக்காந்துக்கறேன்."

"சொல்றேன். வண்டியையும் நீயே எடுத்துட்டுப் போயிடு."

"வண்டியைப் பத்தி அப்புறம் பேசலாம்," என்றார் அவர்.

மேடம் அவர் முன்னால் போய், "ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட்டது நான். தூணைப் பார்த்தும் யோசிக்காதவ நான்," என்றார். மெக்கானிக் தலையாட்டினார். இனி என் முறை. நான் ஒரு தூணுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றிருந்தேன்.

"அண்ணே," என்றேன். "அந்தக் கடைசி வரி... 'இவர் கை வண்டிக்குள் போனால்'னு வருமே. அது மேடம் சொன்னது இல்ல. நானா சேர்த்தது. சும்மா, சிரிப்புக்கு."

அவர் என்னை முதல் தடவையாக உற்றுப் பார்த்தார். அடிப்பாரோ என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை.

"யாரோ வக்கீல் எழுதினதுன்னு நெனச்சேன்," என்றார். "என் பொண்ணு எட்டாவது படிக்கிறா. கிளப்காரர் ஒருத்தரோட பையன் அவ கிளாஸ். அந்த வரியை கிளாஸ் பூரா சொல்லிச் சிரிச்சிருக்கான். அவ வீட்டுக்கு வந்து, 'அப்பா, இது உங்களைப் பத்தியா?'ன்னு கேட்டா. இல்லம்மான்னு சொன்னேன். நம்பல. பேசறா, சாப்பாடு போடறா, எல்லாம் செய்யறா. ஆனா மூணு மாசமா என் கையைப் பாக்கறா தம்பி, முகத்தைப் பாக்க மாட்டேங்கறா."

"நீங்க இப்ப போய்ச் சொன்னீங்கன்னா..."

"நான் சொன்னா, அப்பா வேற என்ன சொல்வார்னு நினைப்பா. எழுதினவங்க சொல்லணும்."

"எத்தனை மணிக்கு ஸ்கூல் விடும்?"

"நாலு மணிக்கு."

மணி மூன்றரை ஆகியிருந்தது. நான் மேடத்தைப் பார்த்தேன்.

"நான் வரல," என்றார் மேடம். "இதை நீ தனியாத்தான் செய்யணும்."

மெக்கானிக் எனக்கு வழி சொன்னார். இரண்டாவது சிக்னலில் இடது பக்கம், பச்சை கேட். ரெட்டைப் பின்னல் போட்டிருப்பாள், நீலப் பை. எப்படித் தொடங்குவது என்று வழி நெடுக யோசித்துப் பார்த்தேன். ஒரு வரியும் வரவில்லை. பச்சை கேட்டுக்கு எதிரே போய் நின்றபோது உள்ளே மணி அடித்தது.